பூவம்மாவின் கப்பல் மூட்டை

பினாங்கில் வீடு பிடித்தாயிற்று, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கப்பல் ஏறி வந்துவிடு என்று புருஷன் நீலமேகத்திடமிருந்து தகவல் வந்த அன்று, ராயபுரத்துக் கடலோரக் குப்பமே பூவம்மாவின் குடிசை வாசலில் கூடிவிட்டது. எல்லோருக்கும் சந்தோஷம். பூவம்மாவுக்கும் சந்தோஷம்தான். ஆனால் வந்தவர்கள் கலைந்து போன பிறகு அவள் தன் மூன்று பிள்ளைகளையும் ஒரு பார்வை பார்த்தாள்.

மூத்தவள் மலர்க்கொடிக்கு ஏழு வயது. எதையும் ஏன் என்று கேட்காமல் விடமாட்டாள். அடுத்தவன் தேசப்பன், நாலு வயது. அவனுக்கு ஓடத் தெரியும், நடக்கத் தெரியாது. கடைக்குட்டி கன்னியம்மா இப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நீலமேகம் பினாங்குத் துறைமுகத்தில் சரக்குப் படகு வேலைக்குப் போனபோது அவள் தாய் வயிற்றில் இருந்தாள். அப்பன் முகத்தைப் பார்த்ததே இல்லை. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரு வாரம், அதற்கு மேலும் ஆகலாம், கடலில் கிடக்க வேண்டும். துணைக்கு வர ஆள் இல்லை. கொழுந்தன் எத்திராஜ் ஒருவன்தான். அவனும் கட்டுமரத்தையும் வலையையும் விட்டுவிட்டு எங்கே வருவது?

குப்பத்துப் பெண்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நல்ல புடவையாக நாலு எடுத்துக்கொள் என்றாள் ஒருத்தி. பிள்ளைகளுக்குக் கறுப்புக் கயிறு கட்டு என்றாள் இன்னொருத்தி. பூவம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். மறுநாள் மீன் விற்று முடித்ததும் காலிக் கூடையோடு நேராக ராயபுரம் ஸ்டேஷன் பக்கம் போனாள். அங்கே தமீம் பாய் டீக்கடை வைத்திருந்தார். வாலிப வயதில் பல வருஷம் கப்பல் சமையற்கட்டில் வேலை பார்த்தவர்.

"பாய், கப்பல்ல புள்ளைங்களுக்கு இன்னா ஆவும்? ஒளிக்காம சொல்லு."

தமீம் பாய் அடுப்பைத் தணித்துவிட்டு உட்கார்ந்தார்.

"வாந்தி வரும். ரெண்டு நாள்ல தானா நின்னுடும். சோறு அவங்களே போடுவாங்க. அதெல்லாம் பேஜாரு இல்லம்மா. எடம்தான் பேஜாரு. மேல்தட்டுல போறவங்களுக்கு ஆளுக்கு ஒரு பாய் அகலம். அதுலியே குந்தணும், அதுலியே தூங்கணும். பெரியவங்களுக்கே பைத்தியம் புடிக்கும். புள்ளைங்க இன்னா பண்ணும்? கத்தும். ஒண்ணு கத்துனா அம்புட்டும் கத்தும். இன்னொண்ணும் கேட்டுக்கோ. கப்பல் சொன்ன நாள்ல கெளம்பாது. சொன்ன நாள்ல போயும் சேராது."

பூவம்மா அன்று மாலையே வேலையை ஆரம்பித்துவிட்டாள்.

குடிசையின் நடுவில் இரண்டு பாய்களைச் சேர்த்து விரித்தாள். பிள்ளைகளை அதில் உட்கார வைத்தாள். "இதான் கப்பலு. சுத்தியும் கடலு. பாயை வுட்டுக் காலு வெளிய போச்சுன்னா சுறா கவ்விக்கும்" என்றாள். தேசப்பன் உடனே காலை வெளியே நீட்டிப் பார்த்தான். சுறா வரவில்லை. இன்னும் கொஞ்சம் நீட்டினான். பூவம்மா கரண்டிக் காம்பால் அவன் கட்டைவிரலை வெடுக்கென்று கவ்வுவது போலத் தட்டினாள். அவன் அலறிக்கொண்டு உள்ளே வந்து விழுந்தான். பிறகு மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

முதல் நாள் சோறு வேகிற நேரம்வரைதான் கப்பல் ஓடியது. அடுத்த நாள் குழம்பும் கொதித்து இறங்கும் வரை. அப்படியே நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டினாள். பாயின் மேலேயே சாப்பாடு, பாயின் மேலேயே சண்டை, பாயின் மேலேயே தூக்கம். சும்மா உட்காரச் சொன்னால் எந்தப் பிள்ளை உட்காரும்? அதனால் மலர்க்கொடியைக் கப்பல் கேப்டன் ஆக்கினாள். யார் எப்போது கால் நீட்டலாம் என்று உத்தரவு போடுவது அவள் வேலை. கேப்டன் ஆனதிலிருந்து அவள் கேள்வி கேட்பது பாதியாகக் குறைந்தது.

அடுத்த குடிசைக் குப்பம்மா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "இன்னாம்மே, வூட்டுக்குள்ளியே கப்பல் ஓட்டிகினு கீற?"

"ஓட்டிப் பாக்கறேன்க்கா. ஏறுனதுக்கு அப்பால கத்துகினா லேட்டாயிடும்."

கடல் ஆட்டத்துக்கும் பழக வேண்டும். எத்திராஜிடம் கேட்டாள். பெண்கள் கட்டுமரத்தில் ஏறுவது குப்பத்தில் வழக்கமில்லை. அவள் ஏறவும் கேட்கவில்லை. "புள்ளைங்க ரெண்டை மட்டும் இட்டுகினு போ. அலைக்கு அந்தாண்ட கொஞ்ச நேரம் நிறுத்தி வையி" என்றாள். எத்திராஜ் தலையைச் சொறிந்தான். அண்ணி பேச்சைத் தட்டிப் பழக்கமில்லாதவன். ஒரு மத்தியானம் அழைத்துப் போனான். பூவம்மா கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையிலேயே நின்றாள். மரம் திரும்பி வந்தபோது மலர்க்கொடி பச்சையாக வாந்தி எடுத்திருந்தாள். தேசப்பன் இன்னொரு தடவை போகலாம் என்று மணலில் புரண்டு அழுதான். இரண்டாம் முறை போனபோது மலர்க்கொடியின் கையில் எலுமிச்சம்பழம் கொடுத்து மோந்துகொண்டே இருக்கச் சொன்னாள். வாந்தி வரவில்லை. பூவம்மா மூட்டையில் எலுமிச்சம்பழத்தைக் கூட்டி வைத்தாள்.

அந்த மூட்டையை அவள் கட்டிய விதம்தான் விசேஷம். புடவை அதில் குறைவு. அவலும் பொரியும், சுக்கும் பனங்கற்கண்டும், தூளி கட்டக் கயிறும் கிழிந்த வேட்டித் துணியும் இருந்தன. இவை எந்தத் தாயும் எடுத்து வைப்பவைதான். பூவம்மா இன்னொன்றும் செய்தாள். மீன் விற்கப் போகும் தெருக்களில் கண்ணில் பட்டதையெல்லாம் பிள்ளைகளுக்குக் காட்டாமல் சேர்த்தாள். பின்னி மில் ஆள் கொடுத்த வெறும் நூல்கட்டைகள், சோழிகள், காலி வத்திப்பெட்டிகள், உடைந்த வளையல் துண்டுகள், ஒரு சின்ன ஊதல். இவற்றைச் சின்னச் சின்னத் துணிகளில் தனித்தனியாக முடிந்து மூட்டையின் அடியில் போட்டாள். நாளுக்கு ஒரு முடிச்சு, அதுவும் பிள்ளைகள் இனிமேல் முடியாது என்று கத்தத் தொடங்கும்போது மட்டும். பிரயாணத்துக்கு வேண்டியதற்கு மேல் கொஞ்சம் கூடுதலாகவே முடிந்துகொண்டாள்.

ஆவணி மாதத்து ஒரு காலையில் துறைமுகத்தில் கப்பல் ஏறினார்கள். மேல்தட்டு முழுக்கப் பாயும் பெட்டியும் மனிதர்களுமாக இருந்தது. பூவம்மாவின் பாய்க்குப் பக்கத்துப் பாயில் ஜெரினா என்ற இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். மண்ணடிக்காரி. மடியில் ஆறு மாத ஆண் குழந்தை. பினாங்கில் கடை வைத்திருக்கும் புருஷனிடம் போகிறாள். துணைக்கு வந்த மாமா கப்பல் நகர்வதற்கு முன்பே முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். ஜெரினாவிடம் அழகான தகரப் பெட்டி ஒன்று இருந்தது. அது நிறைய பட்டுப் புடவையும் மைசூர்பாகும். குழந்தைக்கு மாற்றுத் துணி நாலே நாலு. அதுவும் மத்தியானத்துக்குள் ஈரமாகிவிட்டது.

பூவம்மா தன் மூட்டையை அவிழ்த்தாள். வேட்டித் துணியில் பாதியை எடுத்து அவள் பக்கம் போட்டாள்.

கப்பல் துறைமுகத்தை விட்டு வெளியே வந்தது. எல்லோரும் கரையைப் பார்த்துக் கையசைத்தார்கள், அழுதார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது கப்பல் நின்றிருந்தது. இயந்திரத்தில் ஏதோ கோளாறு, சரி செய்கிறார்கள், சாயங்காலம் கிளம்பிவிடும் என்றார்கள். சாயங்காலம் போய்க் காலையும் வந்தது. நங்கூரம் போட்டபடியே கிடந்தது கப்பல்.

கப்பல் ஓடிக்கொண்டிருந்தால் காற்றாவது இருந்திருக்கும். வெயில் தகரக் கூரை வழியாக இறங்கியது. எல்லாவற்றையும் விடப் பொல்லாதது, கரை கண்ணுக்குத் தெரிந்ததுதான். ராயபுரம் மாதா கோயில் தெரிந்தது. பேசின் பிரிட்ஜ் மின்சார நிலையத்தின் புகைபோக்கிகள் தெரிந்தன. குப்பத்தின் கூரைகள் கூட ஒரு கோடாகத் தெரிந்தன.

"யம்மா, தோ நம்ம வூடு. எறங்கிப் போயிட்டு, கப்பல் கெளம்பறப்போ வரலாமே" என்றாள் மலர்க்கொடி.

"கேப்டன் கப்பலை வுட்டுட்டுப் போவலாமா?"

மலர்க்கொடி யோசித்தாள். "போவக்கூடாது" என்றாள், உதட்டைக் கடித்துக்கொண்டு.

தட்டு முழுவதும் பிள்ளைகளின் அழுகை எழுந்தது. தமீம் பாய் சொன்னபடியேதான். தாய்மார்கள் அடித்தார்கள், கெஞ்சினார்கள், பிறகு அவர்களும் அழுதார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவில் பூவம்மாவின் பிள்ளைகள் தங்கள் பாயில் நூல்கட்டைகளை உருட்டிக்கொண்டிருந்தார்கள். மற்றப் பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்து சுற்றி நின்றன. பூவம்மாவால் விரட்ட முடியவில்லை. இன்னொரு முடிச்சை அவிழ்த்தாள். சுறா வரும் கப்பல் விளையாட்டை எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தாள். அழுத பிள்ளைகள் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தன. பொழுது சாய்வதற்குள் பிள்ளைக்காரிகள் பலர், யாரும் சொல்லாமலே, தங்கள் பாய்களைப் பூவம்மா இருந்த பக்கமாக நகர்த்திப் போட்டுவிட்டார்கள்.

ஜெரினா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். இவளுக்குக் களைப்பே வராதா, கோபமே வராதா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

மூன்றாம் நாள் காலை பூவம்மா மூட்டையின் அடியில் கைவிட்டுத் துழாவினாள். ஒரே ஒரு முடிச்சு மிஞ்சியிருந்தது. பினாங்குவரை வரவேண்டியதெல்லாம் ராயபுரம் கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே தீர்ந்துவிட்டது. அதையும் அவிழ்த்தாள். அந்த நேரம் பார்த்துத் தேசப்பன் பாயை விட்டு எழுந்து கப்பலின் ஓரக் கம்பியை நோக்கி ஓடினான். கம்பிக்குக் கீழே அவன் நுழைகிற அளவு சந்து இருந்தது. பூவம்மா பாய்ந்து அவன் கையைப் பிடித்து இழுத்தாள். இழுத்த வேகத்திலேயே முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள். பையன் மூச்சுவிடாமல் அழுதான். அவள் பாயில் வந்து உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

அப்போதுதான் ஜெரினாவுக்கு அவள்மேல் இருந்த பயம் போய்ப் பிரியம் வந்தது. எழுந்து போய்த் தேசப்பனைத் தூக்கிக்கொண்டாள். பெட்டியைத் திறந்து மைசூர்பாகு எடுத்துக் கொடுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் கப்பலுக்குக் கீழே ஒரு குரல் கேட்டது.

"அண்ணி! பூவம்மா அண்ணி!"

எத்திராஜ். கரையிலிருந்து கப்பல் அசையாமல் கிடப்பதைப் பார்த்துப் பார்த்து மனம் கேளாமல் இன்னொரு ஆளோடு கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான். கப்பல் ஆட்கள் போ போ என்று கை காட்டினார்கள். அவன் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

"இது எப்ப கெளம்புமோ! புள்ளைங்களை இட்டுகினு எறங்கிடு அண்ணி! வூட்டுக்குப் போலாம்!"

"சித்தப்பா வந்துகீது! போலாம்மா!" என்று மலர்க்கொடி துள்ளினாள். கேப்டன் வேலையெல்லாம் மறந்துவிட்டது.

பூவம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். மனசுக்குள் அவள் ஏற்கெனவே இறங்கிவிட்டாள். குடிசை, மணல், ஓடி விளையாடும் பிள்ளைகள், கால் நீட்டி ஒரு தூக்கம். இறங்கினால் அடுத்த கப்பல் எப்போது? மறுபடியும் இந்தப் பிள்ளைகளைப் பாயில் உட்கார வைக்க முடியுமா? கன்னியம்மா அப்பன் முகத்தை எப்போது பார்ப்பது? அவள் வாயைத் திறக்கும் முன்பே பக்கத்தில் ஜெரினா வந்து நின்றாள். குழந்தையை மார்போடு அணைத்திருந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது.

"என்னையும் எறக்கிவிடச் சொல்லுங்கக்கா. நேத்துலேருந்து இவனுக்கு வயித்தால போவுது. கப்பல் டாக்டர் கொடுத்த மருந்தையும் கக்கிட்டான். இவன் கண்ணை மூடறதுக்குள்ள எங்கம்மாகிட்ட போயிடறேன்."

சொல்லிக்கொண்டே, மாலுமிகளுக்காகக் கட்டித் தொங்கவிட்டிருந்த நூலேணியில் ஒரு காலை வைத்துவிட்டாள். கீழே கட்டுமரம் ஆள் உயரத்துக்கு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. பூவம்மா அவள் இடுப்பைச் சேர்த்துப் பிடித்தாள்.

"இன்னா பண்ற நீ! அலையைப் பாத்தியா? ஒரு கையில புள்ளை, ஒரு கையில கயிறா? கடல்லியே பொறந்து வளந்தவ நானு. நானே எறங்கமாட்டேன்."

"அப்ப என் புள்ளை?"

பூவம்மா குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். அது சிணுங்கி அழுதது.

"அயுவுறான் பாரு. கண்ணுல தண்ணி வருது. பயப்படாத. சோறு வடிச்ச கஞ்சித் தண்ணி இருந்தா கேட்டு வாங்கிகினு வா. உப்பும் கேளு. சீக்கிரம்."

ஜெரினா சமையற்கட்டுக்கு ஓடினாள். இவ்வளவு நாளும் யாரோடும் பேசக் கூச்சப்பட்டவள், அங்கே போய்க் கத்தியே வாங்கிவிட்டாள்.

பூவம்மா கீழே பார்த்துக் குரல் கொடுத்தாள். "எத்திராஜு! நாங்க எறங்கல! நாளைக்கும் கப்பல் நின்னுகினு கீதுன்னா, எனுக்கு ஒண்ணு கொண்டா!"

"சோறா? தண்ணியா?"

"நண்டு!"

எத்திராஜ் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தான். "இன்னாது?"

"நண்டுடா! சங்கு ஓட்டுக்குள்ள குடியிருக்கும் பாரு, குட்டி நண்டு. ஒரு டின்னு நெறையப் புடிச்சிகினு வா! சோழி, சிப்பி, எது கெடைச்சாலும் கொண்டா!"

அவன் துடுப்பைப் போட்டுக்கொண்டு திரும்பும்போது கூட வந்தவனிடம், அண்ணிக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று சொன்னானாம்.

அன்று முழுவதும் பூவம்மா ஜெரினாவின் குழந்தையை மடியை விட்டு இறக்கவில்லை. கஞ்சித் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பும் பனங்கற்கண்டும் கரைத்து, துணித் திரியை நனைத்துச் சொட்டுச் சொட்டாக நாக்கில் விட்டாள். கக்கினால் சற்று நிறுத்தி மறுபடியும் விட்டாள். மலர்க்கொடி கன்னியம்மாவைப் பார்த்துக்கொண்டாள். மற்றத் தாய்மார்கள் தேசப்பனை ஆள் மாற்றி ஆள் பிடித்து வைத்துக்கொண்டார்கள். வெயில் தாழ்ந்தபோது குழந்தை கஞ்சியைக் கக்குவதை நிறுத்தியது. விடிந்ததும் தாயின் முகத்தைத் தேடி மார்பில் முட்டியது. ஜெரினா அதை வாங்கிப் பால் கொடுத்தாள்.

சொன்னபடி எத்திராஜ் வந்தான். மாலுமிகளின் தலைவரான சாரங்கு நரைத்த தாடிக்காரர். முந்தின நாள் எத்திராஜை விரட்டியவரும் அவர்தான். இப்போது என்ன நினைத்தாரோ, வாளியில் கயிறு கட்டி அவரே கீழே இறக்கினார். மேலே வந்த வாளியில் ஒரு மண்ணெண்ணெய் டின் இருந்தது. அதற்குள் நண்டுகள் ஊர்ந்தன. கூடவே வேகவைத்த வேர்க்கடலை, குப்பத்துப் பிள்ளைகள் பொறுக்கிக் கொடுத்த சிப்பிகள், ஒரு தென்னங்குரும்பைத் தேர்.

பாய்களுக்கு நடுவில் ஒரு பாதை விட்டு நண்டுப் பந்தயம் தொடங்கியது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நண்டு. தூக்கினால் ஓட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். சும்மா விட்டால் மெல்லக் கால் நீட்டி நடக்கும். கத்தினால் நின்றுவிடும். அதனால் அத்தனை பிள்ளைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து கிடந்தன. அந்த மேல்தட்டு இவ்வளவு அமைதியாக அதுவரை இருந்ததில்லை. முகத்தில் துண்டைப் போட்டுப் படுத்திருந்த ஜெரினாவின் மாமா கூட, என்ன ஆயிற்று எல்லோருக்கும் என்று பயந்து துண்டை விலக்கிப் பார்த்தார். பார்த்தவர் மெல்ல எழுந்து உட்கார்ந்து, தேசப்பனின் நண்டுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்தார்.

மத்தியானம் காலுக்குக் கீழே தட்டு அதிர்ந்தது. இயந்திரம் ஓடத் தொடங்கிவிட்டது. நங்கூரத்தை இழுக்கும் சத்தம் கேட்டது. பெரியவர்கள் ஓவென்று ஆரவாரம் செய்தார்கள். நண்டுகள் பயந்துவிடும் என்று பிள்ளைகள் அவர்களை அதட்டினார்கள்.

அதற்குப் பிறகு கடலில் கழிந்த நாட்களும் சுலபமாக இல்லை. ஒரு நாள் பெரிய மழை பிடித்துப் பாயெல்லாம் நனைந்தது. ஒரு நாள் கன்னியம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. அன்று ஜெரினா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு உலாத்தினாள். நண்டுகள் ஒன்றிரண்டு செத்தபோது தேசப்பன் சோறு சாப்பிடவில்லை. மீதியைச் சாரங்கு டின்னோடு வாங்கி, கரை வந்ததும் மணலில் விட்டுவிடுவதாகச் சொன்னார். ஒவ்வொரு கஷ்டத்துக்கும் பூவம்மா கையில் இருப்பதை வைத்து ஏதோ ஒன்று செய்தாள். சில சமயம் அது பலித்தது. பலிக்காதபோது குழந்தையோடு சேர்ந்து அவளும் பொறுத்துக்கொண்டாள். அவள் எப்போது தூங்கினாள் என்று கேட்டால் அந்தத் தட்டில் யாராலும் சொல்ல முடியாது. எப்போது கண் விழித்துப் பார்த்தாலும் அவள் உட்கார்ந்தே இருந்தாள்.

பினாங்கில் நீலமேகம் நாலைந்து நாளாக வேலைக்குப் போகாமல் கரையிலேயே நின்றிருந்தான். கப்பல் வரவில்லை என்றால் என்னென்ன தோன்றும்? பிள்ளைகள் குச்சியாகி, அழுதழுது தொண்டை கட்டி வந்து இறங்குவார்கள் என்று நினைத்திருந்தான். இறங்கிய கூட்டத்தில் மலர்க்கொடி தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக அவனிடம் வந்தாள்.

"நைனா, எங்க கப்பல் ரிப்பேராயிடிச்சி. நாங்க அயுவல" என்றாள்.

நீலமேகம் அவள் தலையைத் தடவினான். கடைக்குட்டியை வாங்கக் கை நீட்டினான். கன்னியம்மா அவன் மீசையைப் பார்த்து வீறிட்டுக் கத்தினாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"ரொம்பக் கஷ்டப்பட்டுட்டியா?" என்று பூவம்மாவைக் கேட்டான்.

"புள்ளைங்கதான். பாவம். இத்தினி நாளு ஒரே எடத்துல" என்றாள். பிறகு, "கொஞ்சம் குந்திக்கறேன்" என்று சொல்லி, கரையில் அடுக்கியிருந்த சரக்கு மூட்டைகளில் ஒன்றின்மேல் உட்கார்ந்தாள்.

அவன் வண்டி பார்த்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் அவள் மூட்டையிலேயே சாய்ந்து தூங்கிவிட்டாள். சுற்றிலும் கூலிகளின் கூச்சல், கப்பல் சங்கு, வண்டிச் சத்தம். எதுவும் அவளை எழுப்பவில்லை. எழுப்பப் போன நீலமேகத்தை ஜெரினா தடுத்தாள். அவள் புருஷன் வந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தான். மாமா பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தாயிற்று. அவள் போகவில்லை. தன் குழந்தையை ஒரு தோளிலும் கன்னியம்மாவை மறு தோளிலும் போட்டுக்கொண்டு வெயில் படாதபடி பூவம்மாவுக்கு முன்னால் நின்றிருந்தாள்.

"தூங்கட்டும் விடுங்கண்ணே" என்றாள். "அக்கா எந்திரிக்கிற வரைக்கும் நான் இங்கதான் நிப்பேன்."